26 வயதில் ஒரு கையெழுத்து: தங்குவதா, கிளம்புவதா?

கேரி ஏப்லெட் ஜூனியருக்கு 2010-ல் வயது 26. லான்ஸ் ஃபிராங்க்ளினுக்கு 2013-ல் 26. டஸ்டின் மார்ட்டினுக்கு 2017-ல் அதே 26. ஆஸ்திரேலியர்கள் ஃபுட்டி என்று கூப்பிடும் அவர்கள் நாட்டுக் கால்பந்தில் அந்தந்தச் சமயத்தில் டிக்கெட் வாங்கி ஒரே ஒரு ஆளைப் பார்க்கலாம் என்றால் பெரும்பாலோர் இவர்களைத்தான் பார்க்கப் போயிருப்பார்கள். மூவர் முன்னாலும் ஒரே கேள்விதான் வந்து நின்றது. வளர்த்த கிளப்பிலேயே இருப்பதா, கூடுதல் காசோடு கூப்பிடுகிற இடத்துக்குப் போவதா? ஏப்லெட் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்த ஒரு கிளப்புக்குப் போனார். ஃபிராங்க்ளின் எதிராளி கிளப்புக்குப் போனார். மார்ட்டின் அசையவில்லை.

யார் செய்தது சரி என்று கேட்டால், கோப்பையை எண்ணித்தான் பலரும் பதில் சொல்வார்கள். மார்ட்டினுக்கு மூன்று, போன இடத்தில் மற்ற இருவருக்கும் பூஜ்யம், ஆகவே தங்கினவனே புத்திசாலி என்று கணக்கு முடிந்துவிடும். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. கையெழுத்துப் போடும் நாளில் யாருக்கும் கோப்பை தெரியாது. அன்றைக்கு மேஜையில் என்ன இருந்தது என்று பார்த்தால்தான் ஒப்பிடவே முடியும்.

ஃபுட்டி பழக்கமில்லாதவர்களுக்காக விதிகளைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முட்டை வடிவ மைதானம், பக்கத்துக்கு 18 பேர், நடு இரண்டு கம்பத்துக்குள் உதைத்தால் 6 புள்ளி, பக்கத்துக் கம்பத்துக்குள் போனால் ஆறுதலாக 1. ஆட்டத்தை இதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டாம், காசைத் தெரிந்துகொண்டால் போதும். ஏ.எஃப்.எல். என்கிற ஃபுட்டியின் தேசிய லீக்கில் ஒவ்வொரு கிளப்பும் தன் வீரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று உச்சவரம்பு உண்டு. நாற்பது பேர் சாப்பிட வேண்டிய ஒரே பானை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அகப்பையை ஆழமாக விட்டால் பந்தியில் மற்றவர்களுக்குக் குறையும். பள்ளி முடித்த பையன்களைக் கிளப்புகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட் முறை இருப்பதால், எந்த ஊருக்குப் போவது என்பது 18 வயதில் யார் கையிலும் இல்லை. பெர்த்தில் பிறந்தவன் மெல்பர்னுக்கு மூட்டை கட்டுவான், மெல்பர்ன் பையன் அடிலெய்டுக்குப் போவான். ஒரே கிளப்பில் எட்டு ஆண்டு ஆடி ஒப்பந்தமும் முடிந்தால் தானாகப் பேரம் பேசலாம் என்கிற ஃப்ரீ ஏஜென்சி விதி 2012-ல்தான் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர்களாக ஊர் தேர்ந்தெடுக்கும் வயது 26 பக்கம் வந்து நிற்பதற்கு இதுதான் காரணம்.

ஏப்லெட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அவர் அப்பா கேரி ஏப்லெட் சீனியர், மெல்பர்னுக்குப் பக்கத்து ஊரான ஜீலாங்கின் கிளப்பில் ஆட்டக்காரர். ரசிகர்கள் அவரைக் கூப்பிட்டதே ‘கடவுள்’ என்று. அப்பா ஆடிய கிளப்புக்கு மகனைத் தரும் தனி விதிப்படி ஜூனியரும் 2001-ல் ஜீலாங்குக்கே வந்தார். 2007, 2009 ஆண்டுகளில் பிரீமியர்ஷிப், அதாவது லீக் கோப்பை; 2009-ல் நடுவர்கள் ஓட்டுப் போட்டு லீக்கின் சிறந்த வீரருக்குத் தரும் பிரவுன்லோ மெடலும் சேர்ந்துகொண்டது. அந்த ஜீலாங் அணியில் பெரிய பெயர்கள் நிறைய. வெளியே போனால் கூடுதலாகக் கிடைக்கும் என்று தெரிந்தே, குறைவாக வாங்கிக்கொண்டு சேர்ந்து இருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் குயின்ஸ்லாந்தில் லீக்கின் 17-ஆவது கிளப்பாக கோல்ட் கோஸ்ட் உருவாகிக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர்களில் கிளப்புக்கு ஒருவரைத் தூக்கிக்கொள்ள லீக்கே அதற்கு அனுமதி கொடுத்திருந்தது. ஐந்து ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் டாலர் என்று அப்போது எல்லாப் பத்திரிகையிலும் அடிபட்டது. 2010 செப்டம்பர் இறுதியில் ஏப்லெட் ‘போகிறேன்’ என்றார்.

அவர் எதை வாங்கினார்? பணம் சரி. கேப்டன் பதவி, அப்புறம் அப்பாவின் நிழல் விழாத ஒரு ஊர். மெல்பர்னில் ரயிலில் ஏறினால் உங்களைத் தெரியாத ஆள் இருக்க மாட்டான். கோல்ட் கோஸ்ட்டில் ரக்பி லீக் பார்க்கிறவர்கள்தான் அதிகம், கடற்கரையில் நிம்மதியாக நடக்கலாம். இதோடு தோல்வியும் சேர்ந்தே வரும், அது அவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. 2011 ஏப்ரலில் கார்ல்டனுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் கோல்ட் கோஸ்ட் 119 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. கோப்பையை முடிவு செய்யும் 2007 கிராண்ட் ஃபைனலில் போர்ட் அடிலெய்டை ஜீலாங் இதே 119 வித்தியாசத்தில்தான் அடித்திருந்தது, ஏப்லெட் அன்றைக்கு அடித்த பக்கம் இருந்தார். எண்களுக்கும் சில நேரம் குசும்பு உண்டு.

அந்த ஆண்டு கோல்ட் கோஸ்ட் மூன்றே ஆட்டம் ஜெயித்துக் கடைசி இடம் பிடித்தது. அவரில்லாத ஜீலாங் அதே 2011-ல் காலிங்வுட்டைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கியது. அவர் வேண்டாம் என்று விட்டுப் போனதற்கு விலை ஒரு பிரீமியர்ஷிப் என்று அன்றைக்கே ஊர் வாய் கணக்கெழுதிவிட்டது.

ஆனால் தனிப்பட்ட ஆட்டத்தைப் பாருங்கள். 2013-ல் கோல்ட் கோஸ்ட் 14-ஆவது இடம். ஏப்லெட்டுக்கு இரண்டாவது பிரவுன்லோ, அதுவும் ஜீலாங் கேப்டன் ஜோயல் செல்வுட்டை ஒரே ஒரு ஓட்டில் தாண்டி. தோற்கும் அணியில் இருந்துகொண்டு நடுவர்களின் கண்ணில் படுவது லேசுப்பட்ட காரியமில்லை. 2014-ல் கோல்ட் கோஸ்ட் முதல்முறையாக, ஃபைனல்ஸ் சுற்றுக்குப் போகும் முதல் எட்டு இடத்துக்கான போட்டியில் இருந்தபோது, காலிங்வுட்டுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் தோள் கழன்றது. அதோடு அந்தப் பருவமும் கிளப்பின் கனவும் கலைந்தன. அவர் அங்கே இருந்த ஏழு ஆண்டில் கோல்ட் கோஸ்ட் ஒருமுறைகூட ஃபைனல்ஸ் பக்கம் போகவில்லை. 2017 முடிந்ததும் ஜீலாங்குக்கே திரும்பினார்.

மார்ட்டின் கதை இதற்கு நேர் எதிர்த் திசை. அவரைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் ஒரு காட்சியை மறந்துவிடுகிறார்கள். 2013 முடிவில் அவர் ஆடிய மெல்பர்ன் கிளப்பான ரிச்மண்டோடு சம்பளப் பேச்சு இழுத்துக்கொண்டே போக, அவர் சிட்னிக்குப் போய் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி கிளப்பைச் சுற்றிப் பார்த்தார். அந்தக் கிளப் கடைசியில் வேண்டாம் என்றுவிட்டது. திரும்பி வந்து ரிச்மண்டிலேயே கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. வீட்டைவிட்டுக் கோபித்துக்கொண்டு போன பையன் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருவானே, அந்த மாதிரி. அதற்கு நான்கு ஆண்டு கழித்து நார்த் மெல்பர்ன் ஏழு ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் நீட்டியதாகப் பேச்சு. ரிச்மண்ட் நீட்டியதும் ஏழு ஆண்டுதான், தொகை மட்டும் அதைவிடக் குறைவு. 2017 ஆகஸ்ட் 31-ம் தேதி இரவு, தொலைக்காட்சியில் நேரலையில் வந்து, ‘இருக்கிறேன்’ என்றார்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த ராத்திரி ரிச்மண்ட் கோப்பை வாங்கும் அணியாகப் பெரும்பாலோர் கண்ணில் படவில்லை. முந்தின ஆண்டு 13-ஆவது இடம். 2001-க்குப் பிறகு ஒரு ஃபைனல்ஸ் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. கடைசிக் கோப்பை 1980-ல். மூன்று கோப்பை வரும் என்று தெரிந்து அவர் தங்கவில்லை. தெரிந்த பயிற்சியாளர், தெரிந்த சக ஆட்டக்காரர்கள், தன்னை நேர்காணலுக்கு இழுத்துத் தொந்தரவு செய்யாத ஒரு கிளப். பேசவே கூச்சப்படுகிற மனிதனுக்கு இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு டாலர் பெறும் என்று நமக்கென்ன தெரியும்.

அதற்கு அடுத்த ஒரு மாதம் நடந்ததை யாராவது கதையாக எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம். அதுவரை யாரும் வாங்காத 36 ஓட்டோடு பிரவுன்லோ. அடிலெய்டை 48 புள்ளியில் அடித்து 37 ஆண்டுக்குப் பின் பிரீமியர்ஷிப். கிராண்ட் ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் மெடல். 2019, 2020 ஆண்டுகளிலும் கோப்பையும் நார்ம் ஸ்மித்தும் சேர்ந்தே வந்தன. மூன்று நார்ம் ஸ்மித் வாங்கியவர் அவர் ஒருவர்தான். அவர் ஆட்டத்தில் ஒரு அசைவு உண்டு. பந்தோடு ஓடும்போது பிடிக்க வருகிறவனின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, முழங்கை மடங்காமல் ஒரு தள்ளு. வந்தவன் இரண்டடி பின்னால் போய் உட்காருவான், இவர் ஓட்டம் குறையாது. இதற்கு ஃபுட்டியில் பெயரே ‘டோன்ட் ஆர்க்யூ’, எதிர்த்துப் பேசாதே என்று அர்த்தம்.

சரி, தங்கியதற்கு விலையே இல்லையா? இருந்தது. கோப்பைக் காலம் 2020-ல் முடிந்தது, ஒப்பந்தமோ 2024 வரை. நடுவில் 2021-ல் மைதானத்தில் அடிபட்டு சிறுநீரகம் கிழிந்து மருத்துவமனையில் கிடந்தார். அதே ஆண்டு டிசம்பரில் நியூசிலாந்தில் அப்பா இறந்துபோனார். 2024-ல் ரிச்மண்ட் கடைசி இடம். 302 ஆட்டத்தோடு அந்த ஆகஸ்டில் விடைபெற்றார். 300-ஆவது ஆட்டத்துக்கு மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 92,000 பேருக்கு மேல் வந்தார்கள், அதுவும் அடிமட்டத்தில் இருந்த அணியைப் பார்க்க. கிளப் மாறிப்போனவருக்கு அந்தக் கூட்டம் வராது என்று சொல்லத் தோன்றும். ஃபிராங்க்ளினுக்கு வந்ததே.

ஃபிராங்க்ளினை எல்லோரும் ‘பட்டி’ (Buddy) என்பார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் டவரின் என்ற சின்னக் கோதுமை ஊர்ப்பக்கம் வளர்ந்த நூங்கார் பழங்குடிப் பையன். 2004 டிராஃப்டில் ஐந்தாவது ஆளாக மெல்பர்னின் ஹாதார்ன் கிளப் எடுத்தது. 2008-ல் ஒரே பருவத்தில் 113 கோல், கூடவே கோப்பை. 2013 செப்டம்பர் 28-ல் இன்னொரு கோப்பை. மூன்று நாள் கழித்து வந்த செய்திதான் நாட்டையே உலுக்கியது: சிட்னி ஸ்வான்ஸுக்குப் போகிறார், ஒன்பது ஆண்டு, ஒரு கோடி டாலர்.

அதுவரை எல்லோரும் அவர் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்குப் போவார் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். சிட்னி ஸ்வான்ஸ் பேச்சு நடத்தியது யாருக்கும் தெரியாது. தொகையைவிட ‘ஒன்பது’ என்ற எண்தான் எல்லோரையும் உறுத்தியது. ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு 35 வயது ஆகியிருக்கும். ஆறடி ஆறங்குல ஆள், முழங்காலும் தொடைத் தசையும் எத்தனை காலம் தாங்கும்? நடுவில் ஓய்வு பெற்றாலும் மிச்சத் தொகை சிட்னியின் உச்சவரம்புக் கணக்கில்தான் ஏறும் என்று லீக் கறாராகச் சொன்னது. அதே விலையைத் தந்து தக்கவைத்துக்கொள்ளும் உரிமை ஹாதார்னுக்கு இருந்தும் அது கையை விரித்துவிட்டது. சிட்னி மேல் மற்றக் கிளப்புகளுக்கு வந்த கடுப்பில், அந்த ஊருக்கென்று இருந்த வாழ்க்கைச் செலவுப் படியே படிப்படியாக ஒழிந்தது. வெளியிலிருந்து ஆள் எடுக்கவும் அடுத்த ஆண்டே ஸ்வான்ஸுக்குத் தடை வந்தது. விளையாட்டு வரலாற்றிலேயே முட்டாள்தனமான ஒப்பந்தம் என்று பேசாத ஆள் இல்லை.

கோப்பைக் கணக்கில் பார்த்தால் பேசியவர்கள் சொன்னது பலித்ததுபோலத்தான் தெரியும். 2014 கிராண்ட் ஃபைனலில் ஹாதார்னும் சிட்னியும் மோதின. ஃபிராங்க்ளின் நான்கு கோல் உதைத்தார். அவர் விட்டுவந்த ஹாதார்ன் 63 புள்ளியில் ஜெயித்தது. 2015-லும் ஹாதார்னுக்கே கோப்பை. சிட்னி 2016-ல் வெஸ்டர்ன் புல்டாக்ஸிடமும் 2022-ல் ஜீலாங்கிடமும் கிராண்ட் ஃபைனலில் தோற்றது. ஆக, சிட்னிக்கு வந்தபின் மூன்று கிராண்ட் ஃபைனல், மூன்றும் தோல்வி.

இப்போது அந்த ‘ஒன்பது’ என்ன செய்தது என்று பாருங்கள். 2015-ல் ஃபைனல்ஸ் தொடங்கும் சமயத்தில், மனநலம் சரியில்லை என்று அவர் விலகினார். கிளப் அதை வெளிப்படையாகவே அறிவித்து ஓய்வு கொடுத்தது. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தின் கடைசி வாரங்களில் இருக்கும் ஆட்டக்காரன் அப்படி ‘முடியவில்லை’ என்று சொல்வானா? சொல்லத் துணிவு வருமா? அவருக்கு இன்னும் ஏழு ஆண்டு பாக்கி இருந்தது. திரும்பி வந்து 2017-ல் அந்த ஆண்டின் அதிக கோலுக்கான கோல்மன் மெடலை நான்காம் முறையாக வாங்கினார். 2020 முழுக்கக் காயத்தால் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 33 வயதில், ஒரு முழுப் பருவம் வீணாகி, கையில் ஒப்பந்தமும் இல்லாமல் இருந்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும்.

முடியாததால்தான் 2022 மார்ச் 25 வந்தது. வெள்ளிக்கிழமை இரவு, சிட்னி கிரிக்கெட் மைதானம், எதிரே ஜீலாங். ஆயிரம் கோலுக்கு நான்கு பாக்கி. மூன்று ஆகிவிட்டது. கடைசிக் கால்பகுதியில் பந்து அவர் கைக்கு வந்தபோதே வேலி ஓரத்தில் ஆட்கள் ஒரு காலை மறுபக்கம் போட்டுவிட்டார்கள். இடது காலில் உதைத்தார். பந்து கம்பத்தைத் தாண்டியதா என்று பார்க்கக்கூட யாரும் நிற்கவில்லை, ஆயிரக்கணக்கில் உள்ளே ஓடினார்கள். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும் உண்டு. ஆட்டம் அரை மணிக்கும் மேல் நின்றது. லீக்கில் ஆயிரத்தைத் தொட்ட ஆறாவது ஆள் அவர். அவருக்கு முந்தைய ஐவரில் ஏப்லெட்டின் அப்பாவும் ஒருவர். ரக்பி ஊரான சிட்னியில் ஃபுட்டிக்காக இப்படி ஒரு கூட்டம் மைதானத்துக்குள் இறங்கும் என்று 2013-ல் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஒன்பது ஆண்டும் முடிந்து, கூடுதலாக இன்னொரு ஆண்டும் ஆடி, 354 ஆட்டம் 1,066 கோலோடு 2023 ஜூலையில் நிறுத்தினார்.

நான்காவதாக ஒரு வழியும் உண்டு, சொந்த ஊர் திரும்புவது. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் குழப்பமே குறைவு. ஜீலாங் பக்கத்துக் கடற்கரைக் கிராமமான மாக்ஸ் கிரீக்கில் வளர்ந்த பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்டை டிராஃப்ட் அடிலெய்டுக்கு அனுப்பியது. எட்டு பருவம் ஆடிவிட்டு 2015 முடிவில் ஜீலாங்குக்கு வந்தார். அடுத்த ஆண்டே பிரவுன்லோ, 2022-ல் பிரீமியர்ஷிப். ஃபிராங்க்ளின் தோற்ற அந்த 2022 கிராண்ட் ஃபைனலில் ஜெயித்த பக்கம் இருந்தவர் இவர். ஊரும் நல்ல அணியும் ஒரே முகவரியில் அமைவது எல்லோருக்கும் வாய்க்காது. வாய்த்தால் யோசிக்காமல் போகலாம்.

என்னைக் கேட்டால், இந்த மூன்று கையெழுத்தில் ஃபிராங்க்ளினுடையதுதான் கெட்டிக்காரக் கையெழுத்து. மார்ட்டினுடையது இரண்டாவது. ஏப்லெட்டுடையது மூன்றாவது, அதில் தப்பு என்று சொல்ல முடியாவிட்டாலும் அது அவர் உடம்புக்கு ரொம்ப விலை வைத்த கையெழுத்து. புதுக் கிளப்பில் சின்னப் பையன்களுக்கு நடுவே ஒரே பெரிய ஆள் என்றால், எதிரணி முழுக்க அவர் மேல்தான் விழும். வாராவாரம் விழுந்தது. நல்ல அணி என்று நம்பிப் போவதும் தங்குவதும் சீட்டுக் குலுக்கல்தான்; ரிச்மண்டும் ஹாதார்னும் நல்ல சீட்டுகள் என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் எத்தனை ஆண்டு என்பது கையெழுத்துப் போடும் அன்றைக்கே தாளில் இருக்கிறது. தசை கிழிந்தாலும், மனசு சரியில்லாமல் போனாலும், அப்பா இறந்தாலும் அந்த எண் மாறாது. மார்ட்டினும் ஏழு ஆண்டு கிடைத்ததால்தான் அந்த 2021-ஐத் தாண்டி வந்தார் என்று நினைக்கிறேன்.

2020 கிராண்ட் ஃபைனலைத் தொற்றுநோயால் மெல்பர்னில் நடத்த முடியாமல் பிரிஸ்பேனின் காபா மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். ரிச்மண்டும் ஜீலாங்கும். ஏப்லெட்டுக்கு அது கடைசி ஆட்டம். கோல்ட் கோஸ்ட் கேப்டனாக 119 புள்ளியில் தோற்று ஆரம்பித்த அதே மைதானம். ஆட்டம் தொடங்கிய சில நிமிடத்திலேயே தோள் மறுபடி போயிற்று. உள்ளே போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து முடிவு வரை ஆடினார். மார்ட்டின் நான்கு கோல் உதைத்து ஆட்டத்தைப் பறித்துக்கொண்டார். மணி அடித்ததும் இரண்டு அணியும் வரிசையாக நின்று ஏப்லெட்டுக்கு வழி விட்டன.

இப்போதைய பையன்கள் வேறு மாதிரி யோசிக்கிறார்கள் போலிருக்கிறது. செயின்ட் கில்டாவின் நசையா வாங்கனீன்-மிலேராவை 2025-ல் அவர் பிறந்த தென் ஆஸ்திரேலியாவின் இரண்டு கிளப்புகளும் கூப்பிட்டன. ஜூலையில் மெல்பர்ன் அணிக்கு எதிராகக் கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது 46 புள்ளி பின்தங்கியிருந்த ஆட்டத்தை, மணி அடித்தபின் உதைத்த கோலில் அவர் ஜெயித்துக் கொடுத்தார். சில வாரத்தில் செயின்ட் கில்டாவிலேயே இருப்பதாகக் கையெழுத்து. ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் என்கிறார்கள். ஆண்டுக் கணக்கோ வெறும் இரண்டு. என் கணக்குப்படி அது துணிச்சல் அதிகம். ஆனால் 2027-ல் அந்த ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு வயது 24-தான் ஆகியிருக்கும், 19-ஆவது கிளப்பாக டாஸ்மேனியா லீக்குக்குள் வருவதாக இருப்பது 2028-ல்.